முதுவேனிலில் மாடி பூத்திருக்க வேண்டும்: வடசென்னைத் தண்ணீருக்கு எந்தச் செடிகள் தாங்கும்?

தண்டையார்பேட்டை மாடி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டையில் ஒரு பழைய மாடி வீட்டில் குடியிருக்கிறோம். மொட்டை மாடியில் 40 தொட்டிகளும், பின்கட்டில் மதிலை ஒட்டி மூன்றடி அகலத்துக்கு ஒரு மண் துண்டும் இருக்கின்றன. ஆவணி முதல் முகூர்த்தத்தில் மகளுக்கு நிச்சயதார்த்தம். மண்டபம் எடுக்காமல் மாடியிலேயே பந்தல் போட்டு, நெருங்கிய உறவினர் ஐம்பது பேருடன் நடத்திக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். அன்று மாடி பூத்துக் கிடக்க வேண்டும் என்பது என் ஆசை. இப்போது வைகாசி கடைசி வாரம் நடக்கிறது. கையில் இருப்பது ஒன்பது, பத்து வாரங்களே.

தை, மாசி வரைக்கும் ரோஜாவும் சாமந்தியும் நன்றாகவே பூத்தன. பங்குனிக்குப் பிறகு ரோஜா இலைகளின் ஓரம், இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுத்ததுபோல் பழுப்பாகக் கருகத் தொடங்கியது. வெயில்தான் காரணம் என்று எண்ணிப் பச்சை நிழல்வலை கட்டினேன். ஒருவேளை ஊற்றிய தண்ணீரைக் காலை மாலை இருவேளையாக்கினேன். அக்கினி நட்சத்திரம் முடிந்த பிறகும் கருகல் நிற்கவில்லை, இன்னும் கூடியிருக்கிறது என்றே சொல்ல வேண்டும். சாமந்தி தழைத்து நிற்கிறதே தவிர ஒரு மொட்டும் இல்லை. மாசியில் வாங்கிய இரண்டு இட்லிப்பூச் செடிகளின் கொழுந்துகள் எலுமிச்சை நிறத்துக்கு வந்துவிட்டன. நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிகிறது. செடி வாங்கிய இடத்தில் காட்டியபோது "டானிக்" என்று ஒரு பாட்டிலைக் கொடுத்தார்கள். (கடையின் பெயர் வேண்டாம்.) 280 ரூபாய் போனதுதான் மிச்சம்.

மெட்ரோ தண்ணீரைச் சமையலுக்கும் குடிக்கவும் வைத்துக்கொள்கிறோம். செடிகளுக்கு ஊற்றுவது போர் (ஆழ்துளைக் கிணற்று) தண்ணீர். கோடையின் கடைசியில் நம் பகுதியில் உண்மையிலேயே அழகாக நிற்கக்கூடிய பூச்செடிகள் எவை, எவற்றை நான் ஆசைவிட்டு ஒதுக்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


மகிழடி எழுதியது:

அம்மா, வணக்கம். திருவொற்றியூரில் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் முப்பது ஆண்டுகளாகச் செடி வளர்த்துவரும் ஓய்வுபெற்ற ஆள் நான். நீங்கள் எழுதியதைப் படித்தவுடன் என் சந்தேகம் வெயில் மேல் போகவில்லை, தண்ணீர் மேல்தான் போனது. ஒரு காரியம் செய்யுங்கள். மண் தொட்டி ஒன்றின் வெளிப்புறத்தையும் விளிம்பையும் விரலால் தேய்த்துப் பாருங்கள். சுண்ணாம்புபோல் வெள்ளையாக ஒட்டினால், விரலை நாக்கில் வைக்காமலே சொல்லிவிடலாம், அது உப்பு.

இருவேளை ஊற்றியும் கருகல் கூடியதற்குக் காரணம் இதுதான். வேரும் வெயிலும் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. அதில் கரைந்திருந்த உப்பில் பெரும்பகுதி தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. ஒரு லிட்டரில் 2,000 மில்லிகிராம் உப்பு கரைந்த தண்ணீரை நாளுக்கு ஒரு லிட்டர் வீதம் ஊற்றி, அடித்துளை வழியாக எதுவும் வடியாமல் பார்த்துக்கொண்டால், 30 நாளில் அந்தத் தொட்டிக்குள் 60 கிராம் சேர்ந்துவிடும். அதாவது ஏறக்குறைய ஒரு கைப்பிடி. அத்தனையும் சமையல் உப்பு அல்ல, கால்சியம், மெக்னீசியம் உப்புகளும் சேர்ந்ததுதான். ஆனாலும் ரோஜாவுக்கு அது பெருஞ்சுமை. மாடித் தளம் நனைந்து கறை பிடிக்கக் கூடாது என்று தொட்டிக்கு அடியில் தட்டு வைத்து, வடிந்த தண்ணீரைச் செடியே மறுபடி குடிக்கும்படி விடுகிறோமே, அந்த நல்ல பழக்கம்தான் நம் ஊரில் செடியைக் கொல்கிறது.

குடிநீருக்கான இந்தியத் தர அளவில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். நம் பக்கத்துப் போர் தண்ணீர் தெருவுக்குத் தெரு மாறும், ஏன், ஒரே வீட்டில் மாசியில் ஓர் அளவும் வைகாசியில் ஓர் அளவும் காட்டும். வடக்கே மீஞ்சூர்ப் பக்கம், அளவுக்கு மீறி நீர் இறைத்ததால் கடல்நீர் நிலத்தடியில் ஏறிவந்தது 1960களின் இறுதியிலேயே கண்டறியப்பட்ட விஷயம். கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். டானிக் பாட்டிலைவிடப் பயன் அதிகம்.

செய்ய வேண்டிய முதல் வேலை, தட்டுகளை எல்லாம் எடுத்துவிடுவது. அடுத்தது, தொட்டிகளை ஒருமுறை அலசுவது: தொட்டியின் கொள்ளளவைப்போல் இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி, அடியில் தாராளமாக வடியவிட வேண்டும். நாற்பது தொட்டிக்கும் மெட்ரோ தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். ஆனியிலும் ஆடியிலும் சாயங்காலம் இடி இடித்து ஒரு மழை கொட்டும் அல்லவா, அந்த நேரத்தில் நிழல்வலையைச் சுருட்டிவிட்டுத் தொட்டிகளைத் திறந்த வானத்தின் கீழ் விடுங்கள். பாதி வேலையை மழையே செய்துவிடும். இன்னொன்று, ஏசியின் வெளிக்குழாயில் சொட்டும் தண்ணீர். காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து வருவது அது, அதில் உப்பே இராது என்று சொல்லலாம். இரவெல்லாம் ஏசி ஓடுகிற வீட்டில், நம் ஊர்ப் புழுக்கத்துக்கு, காலையில் ஒரு வாளி நிறைந்திருக்கும். அதை ஊருக்கெல்லாம் பங்கு வைக்காமல், உப்புத் தாங்காத நான்கைந்து செடிகளுக்கு மட்டும் கொடுங்கள். ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரை மறந்தும் ஊற்றாதீர்கள். வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

இனி, எவை அழகாக நிற்கும் என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். நம் முன்னோர் சித்திரை, வைகாசியை இளவேனில் என்றும் ஆனி, ஆடியை முதுவேனில் என்றும் பிரித்தார்கள். ரோஜாவை இந்தப் பருவத்துக்கு ஆசைவிட்டு ஒதுக்கிவிடுங்கள். இந்த முதுவேனிலில் என் மாடியில் முதலிடம் காகிதப்பூவுக்குத்தான். உப்பையும் கடல் காற்றையும் தாங்கும், வேர் சற்றே காய்ந்தால்தான் நிறையப் பூக்கும். நாம் பூ என்று நினைக்கிற வண்ண இதழ்கள் உண்மையில் இலைகளே. அவற்றின் நடுவில் ஊசிமுனைபோல் மலர்கிற வெள்ளைக் குழல்கள்தான் பூ. உங்களிடம் காகிதப்பூ இருந்தால் இந்த வாரமே நுனிகளை வெட்டுங்கள். புதுக்கிளை விட்டுப் பூக்க ஆறிலிருந்து எட்டு வாரம் பிடிக்கும். ஆவணிக்குக் கணக்குச் சரியாக வரும். மொட்டுக் கட்டும் பருவத்தில் தண்ணீரைக் குறையுங்கள். இலை லேசாகத் தொங்கினால் பதறிப்போய் ஊற்றிவிடாதீர்கள்.

அடுத்து நித்தியகல்யாணி. இதைச் சுடுகாட்டுப் பூ என்று ஒதுக்குபவர்கள் உண்டு. இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்தான வின்கிரிஸ்டின் இந்தச் செடியிலிருந்துதான் எடுக்கப்படுகிறது என்று சொன்ன பிறகு என் வீட்டு அம்மாவும் முகம் சுளிப்பதை விட்டுவிட்டார்கள். நிச்சயதார்த்தத்துக்கு வருகிற பெரியவர்கள் என்ன சொல்வார்களோ என்று தயங்கினால், வெள்ளை நிறத்தைத் தவிர்த்து ரோஸ் நிறத்தில் மட்டும் வையுங்கள்.

டேபிள் ரோஸ் என்கிற பத்துமணிப் பூ வெயில் இருந்தால்தான் வாயைத் திறக்கும். மதியத்துக்குப் பிறகு சுருங்கிவிடும். உங்கள் விழா மாலையில் என்றால் அதை நம்ப வேண்டாம். மாலை விழாவுக்கு அந்திமந்தாரை இருக்கிறது, நாலு மணிக்கு மேல் விரிந்து மணக்கும்.


பெரம்பூர் ரயிலடி எழுதியது:

மேலே எழுதிய ஐயாவின் மேல் மதிப்பு உண்டு. ஆனால் ரோஜாவை இவ்வளவு எளிதாகக் கைவிடச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரிலேயே பன்னீர் ரோஜா ஆடியிலும் பூக்கிறது. பூ சிறியது, இரண்டு நாளில் உதிரும் என்பதெல்லாம் உண்மைதான். பெங்களூரிலிருந்து வருகிற பெரிய பூ ரகங்களை வாங்கிவந்து இங்கே வாடவிடுவதுதான் தவறு. காலை வெயில் மட்டும் படும் கிழக்குப் பக்கச் சுவரோரம் பன்னீர் ரோஜாவை வைத்துப் பாருங்கள்.

கறுப்பு நிற நர்சரிப் பையிலேயே செடிகளை வைத்திருந்தால் உடனே மாற்றுங்கள். மொட்டை மாடித் தரையில் நேராக வைக்காமல், ஒவ்வொரு தொட்டிக்கும் அடியில் மூன்று செங்கல் கொடுங்கள். வேர் வேகாமல் இருக்கும்.


மாதவரம் நாற்றங்கால் எழுதியது:

செடி விற்பதே என் தொழில் என்பதால் டானிக் பாட்டில் பற்றிப் படித்தபோது கூச்சமாக இருந்தது. எனவே காசு அதிகம் செலவாகாத வழிகளையே சொல்கிறேன்.

உங்கள் சாமந்தியிடம் நோய் எதுவும் இல்லை. பகல் குறைந்து இரவு நீளும் பருவத்தில் மட்டுமே மொட்டு வைக்கும் இயல்புடைய செடி அது. ஆனி மாதத்தில் சென்னையில் பகல் பொழுது ஏறக்குறைய 13 மணி நேரம். அதனால் அது தழைத்துக்கொண்டுதான் இருக்கும். நீங்கள் எந்த உரம் வைத்தாலும் ஆவணிக்குப் பூக்காது. நுனியைக் கிள்ளிவிட்டு ஓரமாக வைத்துவிடுங்கள், மார்கழியில் கைநிறையப் பூ கொடுக்கும்.

இட்லிப்பூவின் மஞ்சள் நோய்க்குக் காரணம் இரும்புச் சத்து கிடைக்காமல் போவது. மண்ணில் இரும்பு இருக்கும். சுண்ணாம்புத் தன்மையுள்ள தண்ணீர் அதை வேரால் எடுக்க முடியாதபடி கட்டிப்போட்டுவிடும். கொழுந்து மஞ்சளாகி நரம்பு பச்சையாக நிற்பது அதன் தெளிவான அடையாளம். நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேளுங்கள். அதுதான் ஃபெரஸ் சல்பேட். ஒரு லிட்டர் மெட்ரோ தண்ணீரில் ஐந்து கிராம் கரைத்து, சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, வெயில் தாழ்ந்த பிறகு இலைகளின் மேல் தெளியுங்கள். பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை தெளித்தால் புதுக்கொழுந்து பச்சையாக வரும். பழைய மஞ்சள் இலைகள் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். தரையில் சிந்தினால் துருக்கறை போகாது, ஆகவே செடியைச் சாக்கின் மேல் வைத்துத் தெளிக்க வேண்டும். மகிழடி ஐயா சொன்ன ஏசி தண்ணீரில் முதல் உரிமை இந்த இரண்டு இட்லிப்பூவுக்குத்தான்.

பத்து வாரத்தில் விதையிலிருந்து பூ எடுக்கலாமா என்றால், எடுக்கலாம், ஆனால் இந்த வாரமே விதைக்க வேண்டும். ஆடிப்பட்டம் தேடி விதை என்ற பழமொழி காய்கறிக்கும் வயலுக்கும் பொருந்தும். உங்களுக்கு ஆடி வரை காத்திருக்க நேரமில்லை. என் முதல் தேர்வு வாடாமல்லி. வெயிலுக்கு அஞ்சாதது, ஓரளவு உப்பையும் பொறுக்கும், பறித்து வைத்தாலும் நிறம் மாறாது, பந்தல் காலில் சுற்றுவதற்கும் உதவும். பூக்கடைத் தெருவில் வாங்கிய பழைய மாலை ஏதேனும் பூசை அறையில் காய்ந்து கிடந்தால் அதிலிருந்தே விதை எடுக்கலாம். காய்ந்த பூவை உள்ளங்கையில் வைத்துக் கசக்கினால் ஊதா நிறச் செதில்களுக்கு இடையே பஞ்சு சுற்றிய சிறு மணிகள் தெரியும். அந்தப் பஞ்சைப் பிரித்தெடுக்க மெனக்கெட வேண்டாம், ஓர் இரவு ஊறவைத்து அப்படியே விதைத்துவிடலாம். இரண்டு வாரத்தில் முளைக்கும். ஒரு சாண் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் வெடித்துச் செடி குடைபோல் நிற்கும்.

கோழிக்கொண்டையும் ஜினியாவும் இதே காலக் கணக்கில் வரும். ஜினியாவுக்கு இலையில் தண்ணீர் படக்கூடாது, இலைப்புள்ளி நோய் வந்துவிடும். துலுக்கச் சாமந்தியைப் பலர் பரிந்துரைப்பார்கள். இந்த வறட்டு வெயிலில் அதன் இலைக்கு அடியில் சிவப்புச் சிலந்தி கூடு கட்டிவிடுகிறது என்பதால் நான் ஆடியில் விதைத்து ஆயுத பூசைக்கு விற்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். மாடிப்படிக் கம்பியில் படரவிட நீலச் சங்குப்பூ போதும். விதையை ஓர் இரவு ஊறவைத்து நட்டால் ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பூக்கும்.

கனகாம்பரத்தை நீங்கள் எழுதவே இல்லை. அரை நிழல் இருக்குமிடத்தில் அதைவிட நம்பகமான கோடைப் பூ கிடையாது. டெல்லி கனகாம்பரம் என்கிற ஆரஞ்சு நிற ரகம் விதை பிடிக்காது, குச்சி வைத்துத்தான் பெருக்க வேண்டும். எனவே இப்போது வேர்விட்ட செடியாகவே வாங்கிவிடுங்கள்.


தண்டையார்பேட்டை மாடி எழுதியது:

மூவருக்கும் நன்றி. பக்கத்து வீட்டு மாணவரிடம் டி.டி.எஸ். மீட்டர் இருந்தது. லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் போர் தண்ணீர் 2,340 காட்டியது, மெட்ரோ தண்ணீர் 310, ஏசி வாளி 18. எண்ணைப் பார்த்த பிறகு எனக்கு அந்தப் போர் குழாயைத் திறக்கவே மனம் வரவில்லை. தொட்டிகளின் விளிம்பில் நீங்கள் சொன்ன வெள்ளைப் பொடியும் இருந்தது. நான் இத்தனை நாள் அதைச் சுண்ணாம்பு அடித்தவர்கள் சிந்தியது என்று நினைத்திருந்தேன்.

ரோஜாக்களில் பன்னீர் ரோஜா ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அம்பத்தூரில் உள்ள தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். இன்னும் இரண்டு ஐயங்கள். செம்பருத்தியின் மொட்டுக் காம்புகளில் வெள்ளையாக மாவு அப்பியிருக்கிறது. எறும்பும் சாரை சாரையாக ஏறுகிறது. காசிமேட்டிலிருந்து மீன் வாங்கிய அன்று மீன் கழுவிய தண்ணீரை அதற்கு ஊற்றுவது என் மாமியாரின் வழக்கம், அதனால் வந்ததா? மற்றொன்று, பின்கட்டு மண் துண்டில் செவ்வரளி வைக்கலாமா?


மாதவரம் நாற்றங்கால் எழுதியது:

மீன் தண்ணீருக்கும் மாவுப்பூச்சிக்கும் தொடர்பில்லை. அதனால் வருவது பூனைதான். எறும்புதான் உங்கள் குற்றவாளியின் கூட்டாளி. பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காத்து, அதன் குஞ்சுகளை ஒரு கிளையிலிருந்து மறு கிளைக்குத் தூக்கிச் செல்லவும் செய்யும். மிக மோசமாகப் பிடித்த நுனிகளை வெட்டிப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், மாடியிலேயே வீசாதீர்கள். மீதியைத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, மறுநாள் மாலை ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று வாரம். வெட்டியதும் நல்லதாகவே முடியும். இப்போது வெட்டிய செம்பருத்தி ஆடி கடைசியில் புதுக்கிளையில் மொட்டுடன் நிற்கும்.


மகிழடி எழுதியது:

செவ்வரளி உப்பு மண்ணுக்கும் கடல் காற்றுக்கும் ஏற்ற செடி, கோடை முழுதும் பூக்கும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வேர் முதல் பூ வரை அத்தனையும் நஞ்சு. நிச்சயதார்த்தத்துக்கு வருகிற உறவினரின் குழந்தைகள் பின்கட்டில்தான் விளையாடும் என்றால் நான் வைக்கமாட்டேன். அந்த இடத்தில் பவழமல்லி வையுங்கள். ஆடிக்குப் பிறகுதான் அது பூக்கத் தொடங்கும்; இப்போது வைக்கிற கன்று இந்த ஆவணிக்கு நாலு பூ உதிர்த்தாலே அதிகம். இருந்தாலும் வையுங்கள்.

திருவொற்றியூர்க் கோயிலின் தலமரம் மகிழம். கோடையில் அதன் அடியில் நடந்தால், காலில் மிதிபடுகிற பழுப்புப் பூக்கள்கூட வாசம் மாறாமல் மணக்கும். மூன்றடித் துண்டுக்கு அந்த மரம் பெரிது, அதனால் உங்களுக்குச் சிபாரிசு செய்யவில்லை. ஆனால் காய்ந்த பிறகும் வாசம் போகாத பூ அது. விழாவன்று தாம்பாளத்தில் வைக்க ஒரு பை நிறைய உதிர்ந்த மகிழம்பூவைச் சேர்த்து உலர்த்தி வைக்கிறேன். ஆடி வெள்ளிக்குக் கோயிலுக்கு வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள்.


தண்டையார்பேட்டை மாடி எழுதியது:

கட்டாயம் வருகிறேன், ஐயா. மாமியார் பூசை அறையில் தேடி மூன்று காய்ந்த வாடாமல்லி மாலைகளை எடுத்துக் கொடுத்தார்கள். விதைகள் இன்று இரவு ஏசி தண்ணீரில் ஊறுகின்றன.